பசுப் பாடம்

சேரங்கோடு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி பசுவைப் பற்றிய பாடத்தைத் தங்குதடையின்றி வாசித்துக்கொண்டிருந்தாள். அருகில் நின்ற தலைமையாசிரியை அவள் கையிலிருந்த புத்தகத்தில் மெல்ல ஒரு பக்கத்தைத் திருப்பினார். அங்கே முயல் இருந்தது. சிறுமியின் வாயிலோ பசு தொடர்ந்து பால் தந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியை அடுத்தடுத்த பிள்ளைகளையும் வாசிக்கச் சொன்னார். வகுப்பு முழுக்க அப்படித்தான். எல்லாரும் ஒப்பித்தார்கள், ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அன்று மாலையே என்னை உட்காரவைத்துத் திட்டம் போட்டார். காலையில் முதல் மணி நேரம் பாடப்புத்தகம் கிடையாது. வரும் வழியில் பார்த்ததைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். சொன்னபடியே கரும்பலகையில் எழுதி, அதையே எழுத்துக்கூட்டிப் படிக்கவைக்க வேண்டும். 'அம்மா கொழுந்து பறிக்குது.' 'காலுல அட்டை கடிச்சிருச்சு.' இன்று வாசிப்புத் திட்டம் என்றால் வண்ணப் படங்களும் பயிற்சி முகாம்களும் வருகின்றன. அன்று எங்களிடம் சாக்கட்டியும் பயமும்தான் இருந்தன.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பாடங்கள் பின்தங்க, ஆண்டு ஆய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளியைக் கீழேயுள்ள பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சு ஏற்கெனவே உண்டு. சேர்த்தால் பிள்ளைகள் யானை நடமாடும் காட்டுவழியே போக வேண்டும். "ஏனுங்க டீச்சர், நான் பண்றது சரிதானுங்களா?" என்று தலைமையாசிரியை அடிக்கடி கேட்பார். எனக்கென்ன தெரியும்? தலையாட்டுவேன்.

ஆய்வாளர் வந்தார். அதே சிறுமியை எழுப்பிப் பசுப் பாடத்தைப் படிக்கச் சொன்னார். அவள் விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள், திணறினாள், மறுபடி தொடங்கினாள்.

"போன வருஷம் இந்த வகுப்பு கடகடன்னு படிச்சுதே?"

"அது படிச்சதில்லீங்க சார், மனப்பாடமுங்க. இப்பத்தான் படிக்கிறாங்க." என்றார் தலைமையாசிரியை.

ஆய்வாளர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அதன்பின் தபால்காரரைக் கண்டாலே, பள்ளியைச் சேர்க்கும் உத்தரவோ என்று இருவரும் வாசலுக்கு ஓடுவோம். கடைசியில் பள்ளி தப்பியது. ஆனால் தலைமையாசிரியைக்கு ஊட்டிக்கு அப்பாலுள்ள எமரால்டுக்கு மாற்றல் வந்தது. "அந்த மொத மணி நேரத்த மட்டும் விட்டுறாதீங்க" என்றார். எப்படித் தனியாகச் சமாளிப்பேன் என்று அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அவர் கிளம்பிய காலையில் பிள்ளைகளோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். ஊட்டி போய்த்தான் எமரால்டுக்கு வண்டி மாற வேண்டும். பேருந்து வந்தது. அவர் படியில் கால் வைத்தார். அந்தச் சிறுமி பேருந்தின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து உதட்டை அசைத்தவள், ஓடிவந்து அவர் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏறாதீங்க டீச்சர்! இது ஊட்டி பஸ் இல்ல. உ... த... கைன்னு போட்டிருக்கு!"

இரண்டும் ஒரே ஊர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். தலைமையாசிரியை கையமர்த்தினார். நடத்துநர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருக்க, படியிலிருந்து இறங்கி அவள் முன்னால் குனிந்தார்.

"இன்னொருக்கா படி கண்ணு" என்றார்.