ஒரு விரல் நுனிச் சுண்ணாம்பு

மூன்றாம் தரமும் கழுவிய முகவையை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் நதானியேல். கண்ணாடிச் சுவரில் தண்ணீர் ஒரு சொட்டாகத் தங்கி நின்றாலும் அவருக்குப் பொறுக்காது. "எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்திலைதான் தண்ணி முத்தாய் நிக்கும்" என்று சொல்லி நாலாம் தரமும் குழாயடிக்குப் போவார். அந்த ஒரு முகவைக்காக ஆய்வு மாணவி தனுசியா கால்மணி நேரமாகக் காத்து நிற்பாள். வாய் திறந்தால், "பொறுங்கோ பிள்ளை. அவசரப்பட்டால் முடிவும் ஊத்தையாய்த்தான் வரும்" என்று பதில் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பொறுப்பாள்.

யாழ்ப்பாணத்தில் உள்ள அந்த உயிர்இரசாயன ஆய்வுகூடத்தில் அவர் முப்பத்தொரு வருடமாக உதவியாளர். வயது ஐம்பத்தெட்டு. மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டு. பையில் இரண்டு பேனை; அதில் ஒன்று போத்தல்களில் பெயர் எழுத மட்டும், அதை இரவல் கேட்கக் கூடாது. கையுறை போடவே மாட்டார். தனுசியா பெட்டியோடு கொண்டுபோய் நீட்டியும் பார்த்துவிட்டாள். "இந்தக் கையிலை படாத அமிலம் இல்லை. உறை போட்டால் விரலுக்குக் கண் தெரியாது" என்று பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த தேவாலயத்தில் இரண்டாம் வரிசை வாங்கு அவருடையது. பாட்டு எந்தச் சுருதியில் தொடங்கினாலும் அவர் தன்னுடைய சுருதியில்தான் பாடுவார் என்று கேள்வி. தனுசியா அதை உடனே நம்பினாள்.

அவள் புத்தூரில் தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளை. முதுமாணிப் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது பனையின் சாறு. மரத்தில் இருந்து இறங்கிய சாற்றில் என்னென்ன நுண்ணங்கிகள் வளர்கின்றன, எந்த நொதியத்தைக் கொண்டு அவை சீனியை உடைக்கின்றன என்று பார்க்கவேண்டும். காலை எட்டு மணிக்கு அவளுக்கு முதலாம் வருடத்தாரின் செய்முறை வகுப்பு. ஆகவே கிழமையில் இரண்டு நாள் விடியவே சாவகச்சேரிக்குப் போய், ஐஸ் பெட்டிக்குள் சாறு கொண்டுவரும் பொறுப்பு நதானியேலின் மோட்டார் சைக்கிளுக்கு.

முதல் மாதமே ஆச்சரியம் காத்திருந்தது. புளிக்கவேண்டிய சாறு புளிக்கவில்லை, அமிலமாகாமல் காரத்தன்மையோடே நின்றது. அந்தக் காரத்திலும் ஒரு நுண்ணங்கி தாக்குப்பிடித்து வளர்ந்து, தன் நொதியத்தால் சீனியை உடைத்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது புதுசு, தனுசியா" என்றார். உலகத்தில் எங்கெங்கோ புரதங்களைக் கணினியிலேயே வடிவமைக்கிறார்கள் என்று வாசித்து வாசித்துப் பெருமூச்சு விட்டவளுக்கு, தன் பங்குக்கும் ஒன்று அகப்பட்டுவிட்ட சந்தோஷத்தில் கால் நிலத்தில் பாவவில்லை. கொழும்பு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதியாயிற்று. வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டும்.

அதற்கு முந்திய சனிக்கிழமை நதானியேல் ஒரு கலியாணத்துக்கு லீவில் நின்றார். தனுசியா தானே ஆட்டோ பிடித்துப்போய்ச் சாறு எடுத்து வந்தாள். அது நுரைத்தது, மணத்தது, புளித்தது. சாதாரணக் கள்ளு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. தன்னில்தான் பிழை என்று நினைத்தாள். புளிப்பு அளக்கிற மீற்றரில் பிழை என்று நினைத்தாள். திங்களும் செவ்வாயும் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். நதானியேலும் பக்கத்தில் நின்று, மீற்றரை மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். பாவி மனுசன், ஒரு சொல் சொல்லவில்லை!

புதன்கிழமை காலையில் ஐஸ் பெட்டியை இறக்கக் கைகொடுக்கப் போனவள், மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தகரப் பேணியைக் கண்டாள். திறந்தால் சுண்ணாம்பு.

"அண்ணை, நீங்கள் வெத்திலை போடுறேல்லையே. இதென்ன?"

"அது சாறுக்கு."

"சாறுக்கோ?"

"ஓம் பிள்ளை. ஒரு விரல் நுனி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு தரமும் ஒரே அளவு."

சுண்ணாம்பு சேர்ந்தால் புளிக்காத கருப்பணி என்கிற பதநீர், சேராவிட்டால் கள்ளு. புத்தூரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பேராசிரியர் கண்ணாடி கழற்றிப் பாராட்டிய புதுமை முழுவதும் இந்த மனிதரின் விரல் நுனியில் இருந்து வந்தது என்று தனுசியாவுக்கு விளங்கியது.

"மூண்டு மாசம், அண்ணை! மூண்டு மாசமாய் நான் உங்கடை சுண்ணாம்பை ஆராய்ஞ்சுகொண்டு இருந்திருக்கிறன்! ஏன் போட்டனீங்கள்?"

நதானியேல் நிமிர்ந்து நின்றார். "பன்ரண்டு வயசிலை சேர்ச்சிலை எழும்பி நிண்டு சத்தியம் பண்ணினனான். மதுவைத் தொடேன், சுவையேன், பிறர்க்குக் கொடேன். கள்ளைக் காவிக்கொண்டு வந்து ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை கையிலை குடுக்கச் சொல்லுறியளோ?"

"அது ஆய்வுக்கு அண்ணை! குடிக்கிறதுக்கோ கேட்டனான்?"

அவர் சேட்டுப் பையில் இருந்து நாலாக மடித்த கடதாசித் துண்டொன்றை எடுத்து விரித்தார். "இது உங்கடை எழுத்து. பனஞ்சாறு எண்டு கிடக்குது. கள்ளு எண்டு எழுதித் தந்திருந்தால் முதல் நாளே ஏலாதெண்டு சொல்லியிருப்பன்."

எரிச்சலுக்கு மேல் எரிச்சல், அவர் சொன்னது சரி. அலுவலகத்தில் நாலு பேர் பார்க்கிற துண்டு என்று கூச்சப்பட்டு, முதலில் எழுதிய சொல்லை வெட்டிவிட்டுப் 'பனஞ்சாறு' என்று நாகரிகமாக எழுதியவள் அவள்தான். வெட்டுக்கோட்டுக்கு அடியில் அந்தக் 'க' இன்னும் தெரிந்தது.

பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மாநாடு போயிற்று. சாறு இறங்கும் பருவம் முடிய இரண்டு கிழமைதான் இருந்தது. அதற்குள் சுண்ணாம்பு படாத சாறு கிடைக்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்றார் அவர். தனுசியா திரும்பி வந்து புதுத் துண்டொன்றை எடுத்தாள். 'கள்ளு. சுண்ணாம்பு வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து நதானியேலுக்கு முன்னால் போட்டாள்.

"ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ அண்ணை. வேறை வழி பாக்கிறன்."

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். நாலாக மடித்துப் பையில் வைத்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முகவை கழுவப் போய்விட்டார். இவருக்கு வாயில் ஒரு சொல் இருந்தால் என்ன குறைந்துபோகும் என்று அன்று முழுதும் அவளுக்குக் கொதித்தது.

மறுநாள் எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நதானியேல் உள்ளே வந்தார். இரண்டு கைகளிலும் நீலக் கையுறை. சாவகச்சேரியில் இருந்து போட்டுக்கொண்டே வந்திருக்கவேண்டும், றோட்டுப் புழுதி படிந்திருந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்தார். மூடிக்குக் கீழே நுரை கட்டியிருந்தது.

தனுசியா கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். போத்தலை மேசை நடுவில் வைத்து, நீல விரலொன்றால் அவள் பக்கமாக மெல்லத் தள்ளிவிட்டார்.