சித்தியின் தட்டில் ஒரு சொட்டுப் பருப்பு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது சித்தி எங்கள் விஜயநகர் வீட்டில் தங்கி, பாக்டீரியாவைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை, நர்ஸாக இருந்த அம்மாவுக்குத் திடீரென்று டியூட்டி போட்டுவிட்டார்கள். அப்பா ஹனூருக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் சித்தி என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தன் ஆய்வகத்துக்குப் போனாள். "எதையும் தொடக் கூடாது பாப்பா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மேசைமேல் மூடி போட்ட இரண்டு வட்டத் தட்டுகள் இருந்தன. சாதாரண பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் சர்க்கரையும் சில உப்புகளும் போதுமாம். தனக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளுமாம். மனிதர்களால் அவற்றில் சிலவற்றைச் செய்யவே முடியாது.

"அதனாலதான் பருப்பு சாப்பிடு, முட்டை சாப்பிடுன்னு உங்கம்மா உன் பின்னாடியே வர்றாங்க" என்றாள் சித்தி.

லைசின் என்ற ஒரு அமினோ அமிலத்தைச் செய்ய முடியாதபடி, தன் பாக்டீரியாவின் ஒரு மரபணுவைச் சித்தி கெடுத்து வைத்திருந்தாள். இரண்டு தட்டிலும் அந்தப் பாக்டீரியாவைத்தான் பூசியிருந்தாள்; ஒரு தட்டில் லைசின் சேர்த்திருந்தாள், மற்றதில் சேர்க்கவில்லை. இரண்டாவது தட்டு வெறுமையாகவே இருந்தால்தான் அவளுடைய இரண்டு வருட உழைப்பு சரியென்று ஆகும். இதை அவள் சொல்லவில்லையா, நான்தான் கேட்கவில்லையா, தெரியாது. என் மனதில் பதிந்தது ஒன்றுதான். அந்தத் தட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு இல்லை.

போன் வந்து சித்தி வெளியே போன நேரத்தில் என் டிபன் டப்பாவைத் திறந்தேன். தெளிந்த பருப்புத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டை ஸ்பூன் நுனியில் எடுத்து அந்தத் தட்டில் விட்டு மூடினேன். திரும்பி வந்த சித்தி அவசரத்தில் எதையும் கவனிக்காமல் இரண்டு தட்டுகளையும் கதகதப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மாலை ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"வளர்ந்திருக்கு அக்கா. ரெண்டு வருஷமும் வேஸ்ட்" என்று அம்மாவிடம் சொல்லி அழுதாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான்தான் சித்தி அதுக்குப் பருப்பு போட்டேன்!"

"ஏன் மாடிதே நீனு?" என்று கத்தினாள். 'என்ன செய்தாய் நீ' என்பதற்குக் கன்னடம் அது. கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். அடுத்த கணமே என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட் என் நெற்றியில் இடிக்க இடிக்கச் சிரித்தாள்.

வளர்ந்திருந்தது அவளுடையதே இல்லை, என் பருப்போடு வந்த வேறு ஏதோ கிருமி என்று மறுநாள் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. பருப்பை உடைத்துத் தின்னும் வழி அவளுடைய பாக்டீரியாவுக்குத் தெரியாதாம். அது பட்டினியாகவே இருந்தது என்று கேட்டு எனக்கு அழுகை வந்தது. புதிதாக ஒரு தட்டு போட்டுப் பார்த்தாள்; வெறுமையாகவே இருந்தது.

வீட்டிலிருந்தே, தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த மேடத்துக்குப் போன் செய்தாள். "போன தடவை வளர்ந்த தட்டுல தப்பு என்னோடதுதான் மேடம். நான்தான் மூடியைச் சரியா மூடல" என்றாள். சித்திக்கு மறந்துவிட்டது என்று நினைத்து, போன் அருகே போய் உரக்கச் சொன்னேன்: "இல்ல மேடம், நான்தான்! சனிக்கிழமை நானும் லேப்புக்கு வந்தேன்!"

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு வாரத்துக்கு அவள் ஆய்வகத்துக்கு வரக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். அந்த ஏழு நாளும் சித்தி எனக்கு ஜடை பின்னிவிட்டாள், தாயம் ஆடினாள், காரஞ்சி ஏரிக்குக் கூட்டிப்போய் மயில் காட்டினாள். நடுநடுவே எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த மேடம் எவ்வளவு நல்லவர், உண்மையைச் சொன்னதற்காக எனக்குச் சித்தியையே பரிசாகக் கொடுத்துவிட்டாரே என்று நான் தினமும் நினைத்துக்கொண்டேன்.