மூன்றாம் நாள் காலையில் ரூபியைக் கறந்தேன்

1. கை வைக்கக் கூடாது

கனடாவுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை சாணி அள்ளுவது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் ஏரிக்கரையோரம் பெரிய மைதானத்தில் கோடை முடிகிற நேரம் ஒரு கண்காட்சி நடக்கும். ஒரு பக்கம் ராட்டினங்கள், மறுபக்கம் ரோடியோ, நடுவில் கால்நடைக் கொட்டில்கள். அந்தக் கொட்டில்களைத் துப்புரவாக்கும் கொன்ராக்ட்டை ஒரு கிளீனிங் கொம்பனி எடுத்திருந்தது. எங்கள் சுப்பவைசர் குணம் என்னைவிடப் பத்து வயது இளையவன். மில்லிக்கனில் நாங்கள் இருந்த பேஸ்மென்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அவன்தான் வேலை எடுத்துத் தந்தான்.

முதல் நாள் ரப்பர் சப்பாத்தைக் கையில் தரும்போதே சொல்லிவிட்டான்.

“அக்கா, கூட்டலாம், அள்ளலாம், தண்ணி அடிச்சுக் கழுவலாம். ஆனா மாட்டிலை மட்டும் கை வைக்கக் கூடாது. வைச்சால் அண்டைக்கே வேலை போச்சு.”

“ஏன் தம்பி, கடிக்குமோ?”

“கடிச்சாப் பரவாயில்லை. மாட்டுச் சொந்தக்காரர் என்ரை கழுத்திலை கத்தி வைப்பினம்.”

சரி என்று தலையாட்டினேன். எனக்கு வாயும் கையும் சும்மா இராது என்பது அவனுக்குத் தெரியாது.

2. அந்த மாடுகள்

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் சாணி வேலை என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். நான் சுளிக்கவில்லை. முதல் நாள் கொட்டிலுக்குள் போனதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். ஒவ்வொரு மாடும் ஒரு சின்ன லொறி அளவு. ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, பெரிய புளோவரால் காய வைத்து, முதுகு மயிரைச் சீப்பால் நிமிர்த்தி வாரிக் கத்தரிக்கோலால் மட்டம் பார்த்தார்கள். என் கலியாணத்துக்கு எனக்குக்கூட அவ்வளவு அலங்காரம் செய்யவில்லை. ஒவ்வொரு மாட்டுக்கு மேலும் ஒரு அட்டை தொங்கியது. அதில் மாட்டின் பெயர், பிறந்த திகதி, தாயின் பெயர், சொந்தக்காரர் பெயர் எல்லாம் இருந்தன. எங்கள் அகதி ஃபைலில்கூட இவ்வளவு விபரம் இல்லை என்று குணத்திடம் சொல்லிச் சிரித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் ரோடியோவை எட்டிப் பார்ப்பேன். எருதின்மேல் ஏறுகிறவன் எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். முதலில் எருதை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தால் அந்த எருது ஆளைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒருமுறை சுற்றிப் பார்த்து, ஷிப்ட் முடிந்த ஆள்போலத் தானாகவே கேற்றுக்குள் நடந்து போனது. அதன்பிறகு நான் எருதின் பக்கம்.

கொட்டிலில் எனக்குப் பிடித்தது ரூபி. வெள்ளையும் கறுப்புமான கறவை மாடு. அதை வளர்த்தவள் டோறத்தி. என் வயதுதான் இருக்கும், சிவந்த பெரிய கைகள். மாட்டுக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுப்பாள். நாலு வருடமாக இங்கே நடக்கும் மாட்டழகுப் போட்டிக்கென்றே அதை வளர்க்கிறாள் என்று பக்கத்துக் கொட்டில்காரர் சொன்னார்கள். என்னைக் கண்டால் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்து, “குட் மோர்னிங், சரோஜா” என்பாள். அந்த இடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வெள்ளைக்காரி அவள் ஒருத்திதான்.

3. நான் செய்த வேலை

மூன்றாம் நாள் காலை ஏழு மணி. டோறத்தி உடுப்பு மாற்றப் போயிருந்தாள். ரூபி கத்திக்கொண்டு நின்றது. பார்த்தேன், மடி வெடிக்கிற மாதிரி. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது. சுற்றிப் பார்த்தேன், கன்றையும் காணவில்லை. இவ்வளவு சோடனை செய்கிற மனிசிக்குப் பால் கறக்க மறந்துபோயிற்றே என்று எனக்கு வயிறு எரிந்தது.

பாலை நிலத்தில் விட மனம் வரவில்லை. என் போத்தலில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிவிட்டு, அதைக் கழுவிக்கொண்டு குந்தினேன். என் பக்கம் இருந்த இரண்டு காம்பையும் பிடித்தேன். ஊரில் மாடு கறந்த கை மறக்கவில்லை. ரூபி கத்துவதை நிறுத்திப் பெருமூச்சு விட்டது. போத்தல் நிறைந்தது. அதோடு எழும்பியிருக்கலாம். பக்கத்தில் கிடந்த வாளியையும் எடுத்தேன்.

வாளி பாதி நிறைந்தபோது டோறத்தியின் குரல் தூரத்தில் கேட்டது. எழும்பி விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டையுடன் வந்தாள். மாட்டைப் பின்னாலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். மடி ஒரு பக்கம் நிரம்பி, ஒரு பக்கம் வற்றி, கோணலாகத் தொங்கியது.

“ஆர் இதைக் கறந்தது?” என்று கத்தினாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். கொட்டில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வாளி அவளுடையது. என்னை யாரும் காணவில்லை. பேசாமல் கூட்டிக்கொண்டு போயிருந்தால் தப்பியிருப்பேன். குணம் சொன்னது காதில் கேட்டது. ஆனால் அவள் பக்கத்துக் கொட்டில்காரனைச் சந்தேகமாகப் பார்த்தாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஐ மில்க்,” என்றேன். “ஷி கிறை.”

டோறத்தி வைக்கோல் கட்டின்மேல் இருந்துகொண்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“இண்டைக்கு மடிக்குத்தான் நிறைய மார்க்ஸ்,” என்றாள். “நிரம்பியிருக்க வேணுமெண்டு மணி பார்த்துத்தான் கறக்காமல் விட்டனான்.”

பாவம் பார்க்கிறேன் என்று ஒருத்தியின் நாலு வருடத்தைப் போத்தலில் கறந்து வைத்திருக்கிறேன்.

4. மட்டம்

போட்டிக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. நிரம்பிய பக்கத்தையும் கொஞ்சம் கறந்து சமப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. டோறத்தி கறக்கப் பார்த்தாள். அவள் பண்ணையில் எல்லாம் மெஷின். கை பழக்கமில்லை. ரூபி உதைத்தது. இரண்டாம் முறையும் உதைத்தது. அவள் எழும்பி என்னைப் பார்த்தாள்.

“நீ வா,” என்றாள்.

நான் குந்தினேன். அவள் பின்னால் முழங்காலில் நின்று, மேசன் நூல் பிடித்துப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். “இன்னும் கொஞ்சம். நிப்பாட்டு. முன்காம்பு, ரண்டு இழுவை. நிப்பாட்டு.” அப்படியொரு கண்ணை நான் அதற்கு முன் கண்டதில்லை. கோபம் அடங்காமலே வேலை பார்த்தாள். கடைசியில் மடி மட்டமாக வந்தது. நிரம்பியதாக இல்லை.

விளக்குமாற்றோடு வேலிக் கம்பியில் சாய்ந்து நின்று போட்டியைப் பார்த்தேன். பன்னிரண்டு மாடுகள். நடுவர் மைக்கில் காரணம் சொல்லிச் சொல்லி வரிசைப்படுத்தினார். நடையில் ரூபிதான் சிறந்தது என்றார். மடியில் முன்னுக்கு நிற்கிற மூன்றும் இன்னும் நிறைவு என்றார். நாலாம் இடம். டோறத்தி நடுவருக்குக் கை கொடுத்துவிட்டு, ரூபியின் கழுத்தைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குள் யாரோ சொல்லிக் குணம் ஓடி வந்தான்.

“அக்கா, என்ன செய்துபோட்டு நிக்கிறியள்!”

நான் வாயைத் திறக்க முதல் டோறத்தி குறுக்கே வந்தாள். “நான்தான் கறக்கச் சொன்னனான். நல்ல கை. இவவை ஒண்டும் சொல்லாதை.”

குணம் தலையைச் சொறிந்துகொண்டு போனான். நான் டோறத்தியிடம் “ஐ சொறி, ஐ சொறி” என்று மன்னிப்புக் கேட்டேன். அவள் ரூபியைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய்க் கட்டினாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

5. அடுத்த வருடம்

நான் பிறகு முப்பது வருடம் பல இடங்களில் கிளீனிங் வேலை செய்து, சுப்பவைசராகி ஓய்வுபெற்றேன். என்னிடம் வேலை பழகியவர்களுக்கு இரண்டே விஷயம் சொல்வேன். ஒரு வேலை பிழையாகச் செய்யப்படுவதுபோலத் தெரிந்தால் முதலில் கேளுங்கள், செய்கிறவருக்குக் காரணம் இருக்கும். கேட்காமல் கை வைத்துவிட்டால், பழி மற்றவன் தலையில் விழ முதல் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வருடமும் அதே கண்காட்சி, அதே விளக்குமாறு. டோறத்தியின் கொட்டிலைக் கூட்டப் போக எனக்கு வெட்கம். குணம்தான் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

“அக்கா, வந்து பாருங்கோ! அந்த மனிசி உங்கடை பேரை மாட்டுக்கு வைச்சுப்போட்டாள். எங்கடை ஆக்களெண்டால் வெட்டுக்குத்து நடந்திருக்கும்!”

ரூபிக்குப் பக்கத்தில் ஒரு பெண் கன்று நின்றது. மேலே அட்டை தொங்கியது. தாய்: ரூபி. பெயர்: சரோஜா.

டோறத்தி வாளியை வைத்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக் கன்றின் நெற்றியில் வைத்தாள்.

“பயப்பிடாமல் தொடு,” என்றாள். “இதுக்கு இன்னும் மடி வரேல்லை.”