திராட்சைத் தோட்டத்துச் சைவ முனி

அந்தச் சிலைக்கு மஞ்சள் பெயிண்ட் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் தங்கை வீட்டில் யாராவது முந்திக்கொண்டு சொல்வார்கள்.

தேனியில் எனக்கு ஹார்டுவேர் கடை. பெயிண்டும் உண்டு. தங்கையைக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சை விவசாயிக்குக் கொடுத்திருக்கிறோம். பல வருடங்களுக்கு முன்னால் மாப்பிள்ளை கடைக்கு வந்து, "மச்சான், வெயிலுக்கு மங்காத மஞ்சளா ஒண்ணு குடுங்க, தோட்டத்து முனிக்கு அடிக்கணும்" என்றார். இருப்பதிலேயே நல்ல எனாமலாக எடுத்துக் கொடுத்தேன். மீசைக்குக் கறுப்பும் சேர்த்துக் கொடுத்தேன். எந்த முனி, எப்படிப்பட்ட முனி என்று கேட்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

புத்தி பிறகுதான் வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. உத்தமபாளையத்துப் பாறையில் இருக்கிற சமணச் சிற்பங்களை ஒருநாள் தற்செயலாகப் பார்க்கப் போனேன். அதோடு பிடித்தது பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையைப் பூட்டிவிட்டு, புதர் மண்டிய மேடு எங்கே, உடைந்த கல் எங்கே என்று மோட்டார் சைக்கிளில் அலைய ஆரம்பித்தேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அப்படி அலைந்து திரிந்தவன் ஒருநாள் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போய், கை கழுவத் தோட்டத்துப் பக்கம் நடந்தபோது, என் மஞ்சள் பெயிண்டுக்குள் புத்தர் உட்கார்ந்திருந்தார்.

முழங்கால் உயரம்தான் இருக்கும். சம்மணம் போட்டு, ஒரு கைமேல் ஒரு கை வைத்து, நீண்ட காதுகளோடு உட்கார்ந்த உருவம். தலையில் சுருள் சுருளாக முடி. அதற்கு மேல் உச்சியில் ஒரு புடைப்பு. இத்தனையையும் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், முகத்தில் முறுக்கு மீசை. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சிலைக்குப் பின்னால் ஒரு செங்கல் மேடு இருந்ததாம். இப்போது இல்லை. ஒவ்வொரு செங்கல்லும் இன்றைய கல்லைப் போல இரண்டு மடங்கு. அவ்வளவையும் பெயர்த்து மாப்பிள்ளையின் அப்பா மோட்டார் ரூம் கட்டிவிட்டார். "ஒரு பிக்குகள் மடத்தையே உடைச்சு மோட்டார் ரூம் கட்டியிருக்கீகளே!" என்று கத்தினேன். மாப்பிள்ளை நிதானமாக, "அதான் மச்சான், உள்ள போனா ஏசி போட்ட மாதிரி இருக்கு" என்றார். இப்படிப்பட்டவர்களோடுதான் நான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் அந்தக் கல்லுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டும் நாளில் முதலில் வெட்டுகிற குச்சியை அதன் மடியில்தான் வைப்பார்கள். அதன் பிறகுதான் ஆட்கள் பந்தலுக்குள் போவார்கள். பொங்கல் உண்டு, வாழைப்பழம் உண்டு, ஆடு மட்டும் கிடையாது. மற்ற முனிகளுக்கெல்லாம் கிடா வெட்டுகிறவர்கள், இதற்கு மட்டும் ஏன் வெட்டுவதில்லை என்று கேட்டால், "இது சைவ முனிண்ணே, ரத்தம் ஆகாது" என்பாள் தங்கை. யார் சொன்னது, எப்போதிலிருந்து என்றால் தெரியாது. மதம் போய், மடம் போய், பேரும் போன பிறகும் அந்த ஒன்றை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்களே!

தங்கைதான் அங்கே அதிகம் போகிறவள். சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டு, அதன் எதிரில் உட்கார்ந்து பேசுவாள். மாமியாரிடம் சொல்ல முடியாதது, புருஷனிடம் சொல்லிப் பயன் இல்லாதது, என்னிடம் சொன்னால் நான் கத்துவேன் என்று பயந்து சொல்லாதது எல்லாம் அதனிடம்தான் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

என் கவலையெல்லாம் கல்லைப் பற்றித்தான். இன்று பெயிண்ட் அடிக்கிறவர்கள் நாளைக்கு டைல்ஸ் ஒட்டுவார்கள், அதற்காகப் பீடத்தை உடைப்பார்கள். எப்படியாவது அதை ஒரு மியூசியத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று தொல்லியல் துறை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். முதலில் பட்டா நகல் கேட்டார்கள், கொடுத்தேன். போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த போட்டோ வேண்டும் என்றார்கள், பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வாங்கி வைத்து எடுத்தேன். கடைசியில் போனில் ஒருவர், "வழிபாட்டில் இருக்கிற சிலையை நாங்க தொட முடியாது சார். கும்பிடறதை நிறுத்திட்டாங்கன்னா சொல்லுங்க" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஸ்கேல் இன்னமும் என் கல்லாப்பெட்டியில் கிடக்கிறது.

சரி, கும்பிடுவதை நிறுத்தினால் ஆயிற்று என்று கிளம்பினேன். மதுரையிலிருந்து ஒரு பேராசிரியரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். நல்ல மனிதர். வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து, தின்னர் தொட்ட பஞ்சால் பொறுமையாகப் பெயிண்டைத் துடைத்தார். இடது தோளிலிருந்து மார்பின் குறுக்கே துணியின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. "சமணர் சிலைன்னா துணி இருக்காது. இது புத்தர்தான்" என்றார். நான் ஜெயித்தவன் போல நின்றேன்.

மாப்பிள்ளையின் பங்காளிகள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை, "அப்ப இது எங்க முனி இல்லையா?" என்று கேட்டார். பேராசிரியர் ஏதோ பக்குவமாகச் சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பேச விட்டால்தானே! "முனியாவது ஒண்ணாவது! உங்க சாமியே இல்லை இது. சாமியே வேண்டாம்னு சொன்ன மனுஷன்" என்று நான் முழங்கினேன். டீ கிளாஸ் தட்டோடு பின்னால் நின்ற தங்கை, "அப்ப நான் இம்புட்டு நாளா யாருகிட்டண்ணே பேசினேன்?" என்றாள். "புத்தர்கிட்டதான் பேசின. பெருமைப்படு" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக் குடித்தேன்.

அடுத்த கவாத்துக்குத்தான் மறுபடி போக முடிந்தது. தோட்டத்து முகப்பில் ஆள் உயரத்துக்கு மேல் சிமெண்டில் ஒரு முனியாண்டி நிற்கிறார். உருட்டிய விழி, ஓங்கிய அரிவாள், பக்கத்தில் குதிரை. காலடியில் கிடா வெட்டிய ரத்தம் இன்னும் காயவில்லை. முதல் குச்சி அவர் காலடியில் கிடந்தது. பழைய இடத்தில் வெறும் குழி.

"சிலை எங்க?" என்றேன்.

"இங்கனதான் மச்சான், எங்க போகப்போகுது" என்று மாப்பிள்ளை கூட்டிப்போனார். பந்தலின் மூலையில் நிற்கிற கல்தூண் உள்பக்கம் சாயாமல் இருக்க, அதை வெளியே இழுத்துக் கட்டுவார்கள். கம்பியின் மறுமுனையை ஒரு கனத்த கல்லில் சுற்றி அந்தக் கல்லை மண்ணில் புதைப்பது வழக்கம். அந்தக் கல் புத்தராக இருந்தது. இடுப்பில் மூன்று சுற்றுக் கம்பி. மடியும் கைகளும் மண்ணுக்குள். இடுப்புக்கு மேல்தான் வெளியே தெரிந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கண் மண் தெரியவில்லை. என்னென்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. மாப்பிள்ளைக்கோ உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை. "நீங்கதான மச்சான் சாமி இல்லன்னு சொன்னீக? வேற யாரு சொல்லியிருந்தாலும் நாங்க நம்பியிருக்க மாட்டோம். இப்ப கம்பிய அவுத்தா பந்தலே எறங்கிரும். இந்த ஒரு வெள்ளாமை முடியட்டும், பாப்போம்" என்றார். அலுவலகத்துக்குப் போன் போட்டு, கும்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்றேன். போனை எடுத்தவர் புதியவர். முதலிலிருந்து மனுக் கொடுக்கச் சொன்னார்.

வேறு வழி தெரியாமல் நான் என் வாழ்க்கையிலேயே பெரிய பொய் ஒன்றைச் சொல்லத் துணிந்தேன். பெரியப்பா வீட்டுக்குப் போய், "எனக்குத் தப்பாகிப்போச்சுங்க. திரும்ப விசாரிச்சேன். அது முனிதானாம், உங்க சாமிதானாம். எடுத்து வச்சுக் கும்பிடுங்க" என்றேன். மோர் கொடுத்தார்கள். நான் குடித்து முடித்ததும் பெரியவர், "மதுரைலேருந்து வந்தவுக அம்புட்டு வெவரமாச் சொன்னாக. தோள்ல இருக்க துணிக் கோடெல்லாம் தொட்டுக் காமிச்சாக. நீங்க பெயிண்ட் விக்கிறவுக. மாத்தி மாத்திப் பேசாதீக தம்பி" என்றார். நான் படித்துப் படித்துச் சொன்னபோதெல்லாம் கேட்காத காதுகள், கேட்டுவிட்ட பிறகு இனி மாறப்போவதில்லை. அந்தத் தெருவிலேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பித் தோட்டத்துக்கு வந்தபோது தங்கை பந்தலுக்கு அடியில் வெட்டிய குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "அவுக கெடக்காக. நீ வந்து பேசு. எப்பவும் போல விளக்கு வை. இந்தக் கம்பிய நான் எப்படியாச்சும் எடுக்கச் சொல்றேன். அது உன் சாமிதான், நான் சொல்றேன்" என்றேன்.

குச்சிக்கட்டை இறக்கி வைத்துவிட்டு மூலைப்பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"நானும் ரெண்டு நாளு போயி உக்காந்து பாத்தேண்ணே" என்றாள். "வாயே வரல. நீ சொன்ன பொய்ய அவுக நம்பியிருந்தாலும் நம்பியிருப்பாக. எனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."