மார்லிஸ் வாங்கிய தார்ப்பாய்

முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய மார்லிஸ் எங்கள் எதிர்வீட்டுக்காரி. அவள் வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் புல்வெளி, அதில் பதினொரு மேப்பிள் மரங்கள். அது போதாதென்று பக்கத்து வீட்டு டுவேன், இலை ஊதும் மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு தன் ஓக் மர இலைகளையும் அவள் பக்கம் தள்ளிவிடுவான். கேட்டால், "காத்து அடிக்குது, நான் என்ன பண்றது?" என்பான். ஏழு வருடம் இதே பதில்.

இலைகள் உதிரும் இந்த அக்டோபரில் அவளும் அந்த மிஷின் விற்கும் கடைக்குப் போனாள்.

"இந்த ஊதுற மிஷினை எடுத்துக்கங்கம்மா. டுவேன் வாங்கினதைவிட ரெண்டு மடங்கு வேகம்," என்றான் கடைக்காரன்.

"இலையைத் தூக்கிட்டுப் போகுமா?"

"இல்லம்மா, தள்ளும்."

"அப்ப வேணாம்."

இலை கூட்டும் அகலமான வாரி ஒன்றும் பெரிய தார்ப்பாய் ஒன்றும் வாங்கி வந்தாள்.

டுவேன் சிரித்தான். "என்ன மார்லிஸ், கூடாரம் போடப் போறியா?"

அவள் மேப்பிள் இலைகளை குப்பை அள்ள வரும் நகராட்சி லாரிக்காகத் தெருவோரம் குவித்தாள். ஓக் இலைகளை மட்டும் தார்ப்பாயில் வாரி, இழுத்துப்போய் டுவேன் வீட்டு வாசலில் கொட்டினாள்.

"ஏய், என்ன இது?"

"உன் இலைதான். இன்னைக்குக் காத்தே இல்ல, அதான் நானே கொண்டு வந்தேன்."