வலது முழங்கையில் ஒரு மச்சம்

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நாலரை மணி வண்டியில் வர வேண்டியவள் ஐந்து மணி வரைக்கும் வரவில்லை என்றால், ஸ்டுடியோவைப் பாதி சாத்திவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவேன். படிக்கட்டில் நிற்கும் என்னைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் வரும். "என்னப்பா இது, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பார்க்கறாங்க" என்பாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது நடந்த ஒரு நாளிலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன். அந்த நாளைச் சொல்வதற்கு முன் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்டுடியோ வைத்தேன். முதலில் எல்லாரையும்போல பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம். பிறகு ஒரு துணிக்கடைக்காரர் தீபாவளி விளம்பரத்துக்குச் சேலை கட்டிய பெண் படம் கேட்டார். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வந்த ஒரு பெண்ணை, அவள் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எடுத்துக் கொடுத்தேன். அந்தப் படம் என் வாழ்க்கையை மாற்றியது. குரோம்பேட்டை, பல்லாவரம், கிண்டி வரைக்கும் துணிக்கடைகளிலிருந்து ஆள் வந்தது. தையல்கடைகளுக்கு ஜாக்கெட் மாடல் ஆல்பம், பெண்கள் பத்திரிகைக்குப் பின்னட்டை, நகைக்கடைக்குக் காலண்டர் என்று வேலை பெருகியது. நர்சுகள், கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், டீச்சர்கள் என்று பல பேர் என் கேமரா முன்னால் நின்றிருக்கிறார்கள்.

என் பெயர் பரவியதற்குக் காரணம் கேமரா இல்லை. டச்சிங். நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பு எல்லாவற்றையும் மறைப்பது. பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து விழும். கலர் வந்த பிறகு, பெரிய பிரிண்டின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் சாயம் தொட்டு அதே வேலையைச் செய்தேன். படத்தை வாங்கிப் பார்க்கும் பெண்கள், "சார், இது நானா?" என்பார்கள். பத்துப் பதினைந்து வருடங்கள் அந்தக் கேள்வியைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வேறு ஏதாவது கேட்டார்களா என்று யோசித்ததே இல்லை.

என் மகளுக்குப் பிறவியிலேயே இடது கன்னத்தில் ஒரு மச்சம். காதுக்குக் கீழே தொடங்கி வாயோரம் வரைக்கும், நாவல்பழத்தை நசுக்கிய மாதிரி நிறம். டாக்டரிடம் காட்டினோம். அதனால் ஒரு தொந்தரவும் வராது, அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். என் மனைவி விட்டுவிட்டாள். நான் விடவில்லை. முதல் பிறந்தநாள் படத்திலேயே பென்சிலை எடுத்துவிட்டேன். அதைச் செய்யலாமா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கை தானாகப் போயிற்று. அதற்கப்புறம் எடுத்த படங்களில் ஒன்று பென்சில் பட்டிருக்கும், இல்லையென்றால் அவள் முகம் இடதுபக்கம் மறையும்படி திரும்பியிருக்கும். "கண்ணு, அப்பா கையைப் பாரு" என்று கையை ஒரு பக்கமாக நீட்டினால் குழந்தை தானாகத் திரும்பிவிடும். கொஞ்சம் வளர்ந்த பிறகு நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கேமராவைத் தூக்கினாலே திரும்பி நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அங்க அடையாளம் என்று ஒரு வரி இருந்தது. வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம் என்று எழுதினேன். தேடிக் கண்டுபிடித்து எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டும், அது மிளகளவுகூட இருக்காது.

அவள் பிளஸ் டூ படித்த வருடம், ஒரு ஜவுளிக்கடை தாவணிப் படம் கேட்டது. வருவதாகச் சொன்ன பெண்ணுக்கு அன்று காய்ச்சல். துணி வந்துவிட்டது, பூ வந்துவிட்டது. மகளைக் கூப்பிட்டேன். "நானா? நிஜமாவாப்பா?" என்றாள். கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். அன்றைக்கு அவளாகவே கேமராவை நேராகப் பார்த்தாள். நான்தான் வியூஃபைண்டருக்குள் பார்த்துவிட்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பும்மா" என்றேன். அவள் திரும்பவில்லை. சரி, டச்சிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் படம் நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று ஊரே சொன்னது. பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். அதில் அவள் கன்னம் பால்கோவா மாதிரி இருந்தது. என் மனைவி கடைக்கு வந்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவகிட்ட கேட்டீங்களா?" என்றாள். "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றேன்.

தன் படம் கடையில் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். அரைப்பரீட்சைக்கு முந்தின நாள் மாலை, மூன்று பெண்களை அழைத்து வந்தாள். அவர்கள் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று பேசுவது எனக்குக் கேட்கவில்லை. உள்ளே ஒரு கைக்குழந்தையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள்.

மறுநாள் வழக்கம்போல ஏழே முக்காலுக்குப் பல்லாவரத்துப் பள்ளிக்கு ரயில் ஏறப் போனாள். பத்தரை மணிக்கு ஸ்டுடியோவுக்கு அவள் வகுப்பு டீச்சர் போன் செய்தார். "பரீட்சைக்கு வரலையே, உடம்பு சரியில்லையா?"

மேஜை இழுப்பறையில், டச்சிங் செய்த அந்தத் தாவணிப் படத்தையே மறுபடி படம் பிடித்துப் போட்ட சின்னப் பிரதி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவரிடம் காட்டினேன், டீக்கடையில் காட்டினேன். பிளாட்பாரத்தில் படிக்கட்டுக்குக் கீழே பூ விற்கும் அம்மாளிடமும் காட்டினேன். அவள் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

"சினிமாக்காரி மாதிரி கீது. இப்டி ஒரு பொண்ணு இந்தப் பக்கம் வந்திருந்தா எனக்கு மறக்குமா சார்? வரல."

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். ஏட்டு படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாடலா சார் உங்க பொண்ணு?" என்றார். இல்லை, படிக்கிறாள் என்றேன். வயது, உயரம், யூனிஃபார்ம் நிறம் எல்லாம் எழுதிக்கொண்டார்.

"அங்க அடையாளம்?"

"வலது முழங்கைக்குக் கீழ ஒரு மச்சம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

பெற்ற பெண்ணைக் காணவில்லை. அடையாளம் கேட்கிறார்கள். அப்போதும் எனக்கு அந்தக் கன்னம் ஞாபகத்துக்கு வரவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஞாபகம் வந்தது. வாய்தான் வரவில்லை.

மூன்று மணி வரைக்கும் அலைந்தேன். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி. எல்லா இடத்திலும் அந்தப் படத்தை நீட்டினேன். எல்லாரும் இல்லை என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. பிறகு மனைவியும் நானும் மறுபடி ஸ்டேஷனுக்கு வந்தோம். நான் படத்தை எடுப்பதற்குள் அவள் பூக்காரம்மாளிடம் குனிந்து, "அக்கா, ஸ்கூல் பொண்ணு. இந்தக் கன்னத்துல இவ்ளோ பெரிசா மச்சம் இருக்கும்" என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணா? தெனம் போற பொண்ணாச்சே. காலீலேர்ந்து வந்துகினும் போய்கினும் கீது. ரெண்டு தபா எறங்கி அந்த பெஞ்சுல குந்திகினு, திரும்பவும் வண்டி ஏறிச்சு. இன்னாம்மா, பரீட்சைல பெயிலான்னு கேட்டேன். இல்லக்கான்னுச்சு." பிறகு என்னைப் பார்த்தாள். "நீதான காலீல வந்தே? இன்னா சார் நீ, உம்பொண்ணைக் காணோம்னுட்டு வேற எவளோ போட்டோவக் காட்னா, நான் இன்னாத்த சொல்றது?"

என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. "அதை உள்ள வைங்க" என்றாள்.

அங்கேயே காத்திருந்தோம். அதற்கப்புறம் வந்த மூன்றாவது வண்டியில் மகள் வந்தாள். பெண்கள் பெட்டியிலிருந்து எல்லாரும் இறங்கிய பிறகு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசியாக இறங்கினாள். எங்களைப் பார்த்ததும் ஓடவும் இல்லை, அழவும் இல்லை. "பரீட்சை போச்சும்மா" என்றாள். ஆறேழு முறை பல்லாவரம் வரைக்கும் போயிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பிளாட்பாரத்தோடு திரும்பியிருக்கிறாள்.

"ஏன்டி?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"அது யாரு, உங்க அக்காவான்னு கேட்டாளுங்க. நான்தான்னு சொன்னேன். சிரிச்சாளுங்க. ஒருத்தி மட்டும் சிரிக்காம, உங்கப்பாவுக்கே உன்னப் பிடிக்கலையாடின்னா."

அப்போதாவது நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். "வா, போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்றேன்.

ஏட்டு அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். எழுதி வைத்திருந்ததை ஒரு தடவை வாய்க்குள் படித்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவர் வேலையை அவர் செய்ய வேண்டுமே. "இது உங்க பொண்ணுதான சார்?" என்றார். நான் தலையாட்டினேன். "அங்க அடையாளம் முழங்கைன்னு சொல்லியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவளிடம், "கொஞ்சம் கையைக் காட்டும்மா" என்றார்.

அவள் வலது கையை மடக்கி, முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். காட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். போலீஸில் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போதும் அந்தப் பார்வைக்குப் பயந்துதான் ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்கு ஓடுகிறேன் என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே கண்ணாடிப் பெட்டியைக் காலி செய்தேன். பழைய நெகட்டிவ்களைத் தேடி எடுத்து, பஞ்சில் டர்பன்டைன் தொட்டுப் பென்சிலைத் துடைத்தேன். அது சுலபமாகப் போய்விடும். துடைக்கத் துடைக்க ஒரு வயதுக் குழந்தையின் கன்னம் வந்தது, நாலு வயதின் கன்னம் வந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட படங்களில் அவள் திரும்பியல்லவா நிற்கிறாள். அவற்றில் துடைப்பதற்கு எதுவும் இல்லை.

பரீட்சையை வேறொரு நாள் எழுத வைத்தார்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கு போட்டோ வேண்டியிருந்தது. என்னைக் கேட்பாள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். லைட்டைக்கூடத் துடைத்து வைத்தேன். ஒருநாள் விண்ணப்பம் மேஜைமேல் இருந்தது, படம் ஒட்டி. பல்லாவரத்தில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் எடுத்திருக்கிறாள். லைட் சரியில்லை, தாடைக்குக் கீழே கறுப்பாக நிழல். ஆனால் முகம் நேராக இருந்தது, இரண்டு காதும் தெரிந்தன, மச்சம் முழுதாக இருந்தது.

"இந்தப் படத்துல ஒண்ணு எனக்குக் குடும்மா" என்றேன்.

"மூணுதாம்ப்பா போட்டேன். மூணும் ஒட்டியாச்சு. நெகட்டிவ் அவர்கிட்ட இருக்கு, வேணும்னா போய்க் கேளு."

போனேன். நானும் இதே தொழில்தான் என்று அந்த இளைஞரிடம் சொல்லவில்லை. உறையிலிருந்து நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் பார்வை எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நானும் அங்கேதான் நின்றிருப்பேன்.

"அவசரத்துக்கு அப்படியே போட்டுக் கொடுத்துட்டேன் சார். அந்தப் பொண்ணும் ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு வேணா டச் பண்ணித் தரட்டுமா? ரெண்டு நாள் ஆகும்."

"வேணாம் தம்பி" என்றேன். "அப்படியே குடுங்க."

அந்தப் படம் என் பர்ஸில் இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. நான் எடுத்த படம் ஒன்று அந்த இடத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றும். நேராக ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். "அப்புறம் பார்க்கலாம்ப்பா" என்கிறாள். கோபமாகச் சொல்வதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.