நர்சம்மாவுக்குச் சர்க்கரை இல்லாத டீ

பிரிசில்லாவின் வேலையே வேண்டாம் என்று சொல்வதுதான். இரண்டாயிரத்து ஆறு வாக்கில் நல்லூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய், சர்க்கரை வேண்டாம், ஊறுகாய் வேண்டாம், பீடி வேண்டாம் என்று சொல்லிச் சம்பளம் வாங்கினாள். சனங்களும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஆட்டி முடித்ததும் டீ கொண்டுவந்து வைத்தார்கள். நர்சம்மாவுக்கென்று சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

அதை வேண்டாம் என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. டீயைத் தள்ளிவைத்தால் அந்த வீட்டையே தள்ளிவைத்த மாதிரி. அப்புறம் எவர் கதவைத் திறப்பார்? அதனால் சர்க்கரையை வாயாரத் திட்டிவிட்டு, அதே வாயால் ஊதி ஊதிக் குடித்தாள். கடைசியில் அவளுக்கே சர்க்கரை வியாதி வந்தது. வெளியே தெரிந்தால் தன் பேச்சு செல்லாக்காசாகிவிடும் என்று மூச்சுவிடவில்லை.

அவளைத் தூங்கவிடாமல் செய்தது சாமியாத்தாளின் கால். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். துணியில் ஊசிமுனை ஓட்டையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சொந்தப் பாதத்துப் புண் மட்டும் தப்பிவிட்டது. சர்க்கரை குறையாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று பிரிசில்லா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டியும் பார்த்தாள்.

"ஆகட்டுங்க நர்சம்மா. மொதல்ல டீயக் குடிங்க."

ஒருநாள் டீ வருவதற்குள் பிரிசில்லா அவசரமாக மாத்திரையை வாயில் போட்டாள். டம்ளரோடு வந்த சாமியாத்தாள் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, இது என்ற மாத்திரையாச்சுங்களே? நான் முழுங்கறதும் இதத்தானுங்க."

"ஆமாங்கக்கா." பிரிசில்லாவுக்கு மானமே போயிற்று.

"ஐயோ, இத்தன நாளா வெசத்தையா கலக்கிக் குடுத்திருக்கறேன்! சர்க்கரை ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?"

அதைத்தானே வாய் வலிக்கச் சொன்னேன் என்று பிரிசில்லா மனசுக்குள் முனகிக்கொண்டாள்.

அடுத்த முறை சர்க்கரை இல்லாத டீ வந்தது. சாமியாத்தாளும் அதையே குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"வந்தவீங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணுன்னு வெக்கறதுங்களா? நீங்க எப்ப வருவீங்கன்னும் தெரியாது. அதான், ஊட்டுல சர்க்கரையே வாங்கறதில்லீங்க."

சில மாதத்தில் புண் ஆறியது. எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள் என்று மேலதிகாரி கேட்டார். "எடுத்துச் சொன்னேன் சார்" என்றாள் பிரிசில்லா. சொல்லும்போதே கூச்சமாக இருந்தது.

அந்த நேரத்தில் சாமியாத்தாள், விரல் ஐந்தும் பத்திரமாக இருந்த காலோடு, வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மா டீல சர்க்கரை போட்டறாதீங்க. நல்ல புள்ளதான், பாவம், வாயக் கட்டத் தெரியல. நாமதான் பாத்துக்கோணும்."